நடுங்காத நடுக்குவாதம்: பார்க்கின்சன் நோயின் ஆரம்ப அறிகுறிகள்

ஒருவர் நடந்து வருகிறார். வலது கை காலுக்கு ஏற்ப முன்னும் பின்னும் தாராளமாக வீசுகிறது. இடது கை மட்டும் முழங்கை லேசாக மடங்கி, உடம்போடு ஒட்டினாற்போல் அப்படியே வருகிறது. கேட்டால், "கைக்கு என்ன, நன்றாகத்தானே இருக்கிறது" என்பார். மூட்டையைத் தூக்கச் சொன்னால் தூக்குவார். கைகுலுக்கினால் பிடி உறுதியாக இருக்கும். நடுக்கமா? அறவே இல்லை. ஆனால் நரம்பியல் மருத்துவர் ஒருவர் அவரைப் பார்த்தால், கதவிலிருந்து நாற்காலிக்கு வந்து உட்காருவதற்குள் சந்தேகப்பட ஆரம்பித்துவிடுவார்: பார்க்கின்சனாக இருக்குமோ?

தமிழில் இதற்கு நடுக்குவாதம், உதறுவாதம் என்று பெயர்கள் உண்டு. குழப்பத்தில் பாதி இந்தப் பெயர்களாலேயே வருகிறது. 'நடுக்கு' என்று இருப்பதால் கை நடுங்கினால்தான் இந்த நோய் என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் நோய் தொடங்கும்போது ஏறக்குறைய 10 பேரில் 3 பேருக்கு நடுக்கமே இருப்பதில்லை. 'வாதம்' என்று இருப்பதால் பக்கவாதத்துக்கு ஏதோ தம்பி முறை என்றும் நினைக்கிறோம். பக்கவாதம் மூளையின் ரத்தக்குழாய் அடைபட்டோ வெடித்தோ திடீரென்று வருவது. கை கால் வலுவிழந்து போகும். பார்க்கின்சன் ஆண்டுக்கணக்கில் ஊர்ந்து வருவது. வலு அப்படியேதான் இருக்கும்.

ஆங்கிலத்திலும் இதே கதைதான். லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் இதைப் பற்றி எழுதியபோது 'நடுங்கும் வாதம்' என்றுதான் பெயர் வைத்தார். அவர் விவரித்தது மொத்தம் 6 பேரை. அதில் 3 பேரைத் தெருவில்தான் பார்த்தார். ஒருவரை அதுவும் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. கருவி இல்லை, ஸ்கேன் இல்லை, தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நடையும் நிற்கும் விதமும்தான் துப்பு. அரை நூற்றாண்டுக்குப் பிறகு பாரிஸில் ழான் மார்ட்டின் ஷார்கோ என்ற நரம்பியல் மேதை, "இதில் வலு குறைவதில்லை, எல்லோரும் நடுங்குவதும் இல்லை, அப்புறம் எதற்கு அந்தப் பெயர்" என்று ஆட்சேபித்து, பார்க்கின்சனின் பெயரையே நோய்க்குச் சூட்டினார். நம் மொழியில் அந்தத் திருத்தம் இன்னும் முழுசாக நடக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

சரி, மூளைக்குள் என்ன நடக்கிறது? நடுமூளையில் இரண்டு பக்கமும் மெல்லிய கருப்புப் பட்டை மாதிரி ஒரு பகுதி இருக்கிறது. லத்தீனில் அதற்கு 'கரும்பொருள்' என்றே பெயர்: சப்ஸ்டான்சியா நைக்ரா. அங்குள்ள செல்கள் டோபமின் என்ற வேதிப்பொருளைத் தயாரிக்கின்றன. பார்க்கின்சன் நோயில் இந்தச் செல்கள் ஒவ்வொன்றாக அழிகின்றன. இறந்தவரின் மூளையை வெட்டிப் பார்த்தால் அந்தக் கருப்புப் பட்டை வெளிறிப் போயிருக்கும், கண்ணாலேயே தெரியும். வெளியே அறிகுறி தெரிவதற்குள் ஏறக்குறைய பாதிச் செல்கள் போய்விட்டிருக்கும். அதுவரை மிச்சமிருப்பவை சமாளித்துக்கொண்டிருக்கும்.

டோபமினின் வேலையை ரேடியோவில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகோடு ஒப்பிடலாம். பாட்டு என்ன என்பதை அது முடிவு செய்வதில்லை. எவ்வளவு சத்தமாகப் பாட வேண்டும் என்பதை முடிவு செய்கிறது. 'கையை நீட்டு' என்ற கட்டளை சரியாகத்தான் போகிறது. ஆனால் திருகு தணிந்துவிட்டதால் கை பாதிதான் நீளுகிறது, மெதுவாக நீளுகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் ஆரம்ப அறிகுறிகளில் பலவற்றுக்கு அர்த்தம் புரிந்துவிடும். கைவீச்சு, கையெழுத்து, குரல், முகபாவம், காலடி என்று எல்லாமே சின்னதாகிக்கொண்டு வருகின்றன. புதிதாக ஒன்று வந்து சேர்ந்தால் உடனே கண்ணில் படும். இருந்த ஒன்று கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தால் வீட்டில் இருப்பவர்களுக்கே தெரியாது. இந்த நோயை ஆரம்பத்தில் தவறவிடுவதற்கு இதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

கையெழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கோடு போடாத வெள்ளைத்தாளில் ஒரு நீளமான வாக்கியத்தை நாலைந்து முறை, ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதச் சொல்லுங்கள். முதல் வரியின் தொடக்கத்தில் எழுத்துகள் வழக்கமான அளவில்தான் இருக்கும். வரி முடியும் இடத்துக்குப் போகப் போக அவை சிறுத்து நெருக்கியடிக்கும். 'ண'வின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், 'ஞ'வின் கொக்கி காணாமல் போகும், கொம்புக்கும் அதற்கடுத்த எழுத்துக்கும் இடையே இருந்த இடைவெளி அடைபடும். நாலாவது வரியைப் படிக்கத் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டியிருக்கும். வயதானால் கையெழுத்து கோணலாவது சகஜம். பெரிதாகி அலைபாய்வதும் உண்டு. ஆனால் எழுத எழுதச் சிறுத்துக்கொண்டே போவது வேறு சங்கதி. பத்து வருடத்துக்கு முந்தைய டைரியோ, பழைய படிவத்தில் போட்ட கையெழுத்தோ வீட்டில் இருந்தால் இன்றைய எழுத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கையெழுத்து பொருந்தவில்லை என்று வங்கி திருப்பி அனுப்பிய பிறகுதான் சிலர் இதைக் கவனிக்கிறார்கள்.

மருத்துவர்கள் செய்யும் இன்னொரு சின்னப் பரிசோதனையும் இதே ரகம்தான். கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் நன்றாக அகலத் திறந்து, வேகமாகத் தட்டச் சொல்வார்கள். பத்துப் பதினைந்து முறை, ஒவ்வொரு கையாக. சோம்பலாலோ மூட்டுவலியாலோ மெதுவாகத் தட்டுபவர் தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே மாதிரி மெதுவாகத் தட்டுவார். பார்க்கின்சனில் முதல் மூன்று நான்கு தட்டு ஜோராக இருக்கும், அப்புறம் விரல்களுக்கு நடுவே இடைவெளி குறையும், நடுவில் ஒரு தடங்கல் வரும், கடைசியில் விரல்கள் ஒன்றையொன்று விட்டு விலகவே யோசிக்கும். வெறும் மந்தம் இல்லை, தேய்மானம். அன்றாட வாழ்க்கையில் இதே தேய்மானம் வேறு வேடங்களில் வரும்: சட்டைப் பொத்தான் போட இரண்டு மடங்கு நேரம், சட்டைப்பையில் சில்லறையைத் தேடித் துழாவுவது, பல் தேய்க்கும்போது தூரிகை ஒரே இடத்தில் நின்றுவிடுவது, படுக்கையில் புரண்டு படுக்கவே ஒரு முயற்சி தேவைப்படுவது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இதெல்லாம் பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் ஆரம்பிக்கும். கரும்பட்டை இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் அழிவதில்லை. மூளையின் இடது பாதி உடம்பின் வலது பக்கத்தை ஆள்வதால், எந்தப் பாதி முந்துகிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்துக் கையில் மாற்றம் முதலில் தெரியும். அந்த ஒருபக்கத்தன்மை ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். முதுமையின் தளர்ச்சி இப்படிப் பக்கம் பார்த்து வருவதில்லை. கையாட்டத்திலேயே சாவி ஏறும் கடிகாரம் கட்டியிருந்த சிலருக்கு அது அடிக்கடி நின்றுபோனதே முதல் துப்பாக இருந்ததாம்.

ஒருபக்கத்தன்மையால் வரும் பெரிய ஏமாற்று, தோள்பட்டை வலி. தசை இறுகுவதால் ஒரு தோள் மட்டும் வலிக்கும், கையைத் தூக்க முடியாது. தோள்மூட்டு இறுகிவிட்டது என்று மாதக்கணக்கில் ஒத்தடம், ஊசி, பயிற்சி என்று போகும். அந்தக் கை நடக்கும்போது வீசுகிறதா என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். காலிலும் அப்படியே: ஒரு காலின் செருப்பு மட்டும் தேய்வது, ஒரு கால் தரையை உரசுவது. இளம் வயதிலேயே நோய் வருபவர்களில் சிலருக்கு, நடக்கும்போது ஒரு பாதம் உள்பக்கமாகத் திருகிக்கொண்டு இழுப்பதுதான் முதல் அறிகுறி.

முகமும் குரலும் குடும்பச் சண்டைக்கு வழி வைப்பவை. முகத்தசைகளும் சிக்கனமாகிவிடுவதால் கண் சிமிட்டல் குறையும், சிரிப்பு உதட்டோடு நின்றுவிடும். "மூஞ்சியை ஏன் உம்மென்று வைத்திருக்கிறாய்?" என்று கேட்பார்கள். அவருக்கோ உள்ளுக்குள் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. பேரப்பிள்ளை சொன்ன வேடிக்கைக்கு அவர் சிரித்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருப்பார். குரலும் இப்படித்தான். அவர் காதுக்கு அவர் குரல் சாதாரணமாகவே கேட்கும். "கொஞ்சம் சத்தமாகப் பேசுங்கள்" என்று மனைவி சொன்னால், "உனக்குத்தான் காது மந்தமாகிவிட்டது" என்பார். இதில் ஒரு சிக்கலும் உண்டு. மனச்சோர்வும் பதற்றமும் உண்மையிலேயே இந்த நோயின் முன்னோடிகளாக வரலாம். ஆகவே உம்மென்ற முகத்துக்குப் பின்னால் சோர்வு இருக்கிறதா, வெறும் தசை இறுக்கமா என்பதை ஊகிக்காமல் அவரிடமே கேட்டுவிடுவது நல்லது.

இப்போது நடுக்கத்துக்கு வருவோம். பார்க்கின்சன் நடுக்கத்துக்கு ஒரு தனி அடையாளம் உண்டு: அது ஓய்வில் வருவது. கை மடியில் சும்மா கிடக்கும்போது கட்டைவிரல் மற்ற விரல்களின் மேல் மாத்திரை உருட்டுவதுபோல் உரசும், நொடிக்கு 4 முதல் 6 முறை. தம்ளரை எடுக்கக் கை நீண்டதும் நின்றுவிடும் அல்லது குறையும். தூங்கினால் இருக்காது. நடக்கும்போதும் பதற்றத்திலும் கூடும். ஹாலிவுட் நடிகர் மைக்கேல் ஜே. ஃபாக்ஸுக்கு 1990-இல் ஒரு காலையில் இடது சுண்டுவிரல் தானாகத் துடித்ததுதான் தொடக்கம். அடுத்த ஆண்டு நோய் உறுதியானபோது அவருக்கு வயது 29. பொதுவாக 60 வயதை ஒட்டித்தான் இந்த நோய் தலைகாட்டும், ஆண்களுக்குச் சற்று அதிகமாக. ஆனால் வயதை மட்டும் வைத்து 'இருக்காது' என்று ஒதுக்கிவிட முடியாது.

இதுவரை சொன்னதெல்லாம் அசைவு சார்ந்தவை. இவற்றுக்கும் பல ஆண்டுகள் முன்பே வருபவை சில உண்டு. மலச்சிக்கல் ஒன்று. மோப்பசக்தி மங்குவது இன்னொன்று; அடுப்பில் ஏதோ கருகுவது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும், அவருக்கு மட்டும் தெரியாது. எழுந்து நின்றதும் தலைசுற்றுவது மற்றொன்று. இவை ஒவ்வொன்றுக்கும் வேறு நூறு காரணங்கள் உண்டு என்பதால், தனியாக இருந்தால் பெரிய பொருளில்லை. சளி பிடித்தாலும் மோப்பம் போகும், தண்ணீர் குறைவாகக் குடித்தாலும் மலம் கட்டும். ஜெர்மானிய உடற்கூறு அறிஞர் ஹைக்கோ பிராக் 2003-இல் முன்வைத்த கருத்து, பலருக்கு நோய் நடுமூளையில் தொடங்குவதே இல்லை என்பது. மோப்ப நரம்பு முடியும் இடத்திலும், குடலோடு தொடர்புடைய மூளைத்தண்டுப் பகுதியிலும் முதலில் வேலையைக் காட்டிவிட்டுத்தான் கரும்பட்டைக்கு ஏறி வருகிறதாம். எல்லோருக்கும் அது பொருந்தவில்லை. ஆனாலும் மூக்கும் வயிறும் ஏன் முந்திக்கொள்கின்றன என்பதற்கு ஒரு விளக்கம் கிடைக்கிறது.

இந்த முன்னோடிகளில் அலட்சியப்படுத்தக் கூடாத ஒன்று தூக்கத்தில் வருகிறது. கனவு காணும் கட்டத்தில் மூளைத்தண்டு நம் உடம்பைக் கட்டிப்போட்டுவிடும். அதனால்தான் கனவில் ஓடினாலும் கால் அசைவதில்லை. சிலருக்கு இந்தக் கட்டு அவிழ்ந்துவிடுகிறது. கனவில் யாரோ துரத்தினால் படுக்கையில் உதைப்பார்கள், குத்துவார்கள், கத்துவார்கள், கட்டிலிலிருந்து விழுவார்கள். பெரும்பாலும் விடியலை ஒட்டிய நேரத்தில் நடக்கும். எழுப்பினால் சட்டென்று தெளிந்து கனவைச் சொல்வார்கள். அமெரிக்க நடிகர் ஆலன் ஆல்டா தாக்க வந்தவன்மேல் உருளைக்கிழங்கு மூட்டையை வீசுவதாகக் கனவு கண்டார். நிஜத்தில் மனைவிமேல் தலையணையை வீசியிருந்தார். கனவை நடித்துக்காட்டுவதற்கும் பார்க்கின்சனுக்கும் தொடர்பு உண்டு என்று ஒரு கட்டுரையில் படித்திருந்தவர், மருத்துவரிடம் போய் ஸ்கேன் கேட்டார். உங்களுக்கு எந்த அறிகுறியும் இல்லையே என்றார் மருத்துவர். ஸ்கேன் எடுத்ததில் நோய் உறுதியானது, 2015-இல். இந்தத் தூக்கக் கோளாறு உள்ளவர்களில் பெரும்பாலானோருக்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பார்க்கின்சனோ அதன் உறவுக்கார நோய்களில் ஒன்றோ வருகிறது. சில மனச்சோர்வு மாத்திரைகளாலும் இது வரலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எப்படியானாலும் இரவில் உதை வாங்குபவர்தான் இதற்குச் சாட்சி. உதைத்தவருக்குத் தெரியாது.

மூக்கைப் பற்றிப் பேசியதால் ஒரு கிளைக்கதை. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜாய் மில்ன் என்ற முன்னாள் செவிலியர், கணவரின் உடல் வாசனை மாறிவிட்டதை அவருக்கு நோய் கண்டறியப்படுவதற்கு 12 ஆண்டுகள் முன்பே உணர்ந்தார். எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 6 நோயாளிகளும் நோயில்லாத 6 பேரும் அணிந்த டி-ஷர்ட்டுகளைக் கொடுத்து முகர்ந்து பார்க்கச் சொன்னார்கள். நோயாளிகள் 6 பேரையும் சரியாகச் சொன்னார். நோயில்லாதவர்களில் ஒருவருக்கும் நோய் இருப்பதாகச் சொன்னார். அதுதான் ஒரே தவறு என்று குறித்துக்கொண்டார்கள். எட்டு மாதம் கழித்து அந்த நபருக்கும் பார்க்கின்சன் உறுதியானது.

இனி, இதுபோலவே தோன்றும் வேறு சில. கை நடுங்குகிறது என்று பயந்து மருத்துவரிடம் போகிறவர்களில் பலருக்கு இருப்பது பார்க்கின்சனே அல்ல. அதைவிடப் பரவலான, பரம்பரையாக வரக்கூடிய ஒரு நடுக்கம் உண்டு. அது வேலை செய்யும்போது வருவது: தம்ளரைத் தூக்கினால் தளும்பும், கரண்டி வாயருகே ஆடும், மடியில் கை கிடந்தால் அடங்கிவிடும். இரண்டு கையிலும் இருக்கும், தலையும் குரலும்கூட ஆடலாம், கையெழுத்து பெரிதாகக் கோணலாகும். பார்க்கின்சனுக்கு நேர் எதிர். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் சில மருந்துகளாலும் விரல்கள் மெலிதாக நடுங்கும்.

மருந்தால் வரும் போலிப் பார்க்கின்சனைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது சரியாகக்கூடியது. தலைசுற்றலுக்குக் கொடுக்கும் சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்குக் கொடுக்கும் ஃப்ளுனரிசின், வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோக்ளோப்ரமைடு, மனநலத்துக்குக் கொடுக்கும் ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் போன்றவை டோபமினின் வேலையைத் தடுக்கக்கூடியவை. தலைசுற்றல் ஒரு வாரத்தில் போயிருக்கும், மாத்திரை மட்டும் ஒரு வருடமாக ஓடிக்கொண்டிருக்கும். நடை தளர்ந்து முகம் இறுகியதும் வயது மேல் பழி போடுவார்கள். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் அல்லது மாதங்களில் குறைந்துவிடும். ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள், முக்கியமாக மனநல மருந்துகளை. மருத்துவரிடம் போகும்போது விழுங்குகிற எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

வேறு திசையைக் காட்டும் சில குறிகளும் உண்டு. முதல் ஓரிரு ஆண்டுகளிலேயே அடிக்கடி விழுவது, முக்கியமாகப் பின்பக்கமாக விழுவது. ஆரம்பத்திலேயே ஞாபகம் மோசமாகக் குழம்புவது. கண்ணைக் கீழே தாழ்த்திப் பார்க்க முடியாமல் போவது. இவை இருந்தால் பார்க்கின்சனின் உறவுக்கார நோய்களையும் மருத்துவர் யோசிப்பார். ஒரே நாளில், ஒரே மணி நேரத்தில் கை கால் விழுந்தாலோ வாய் கோணினாலோ இந்தக் கட்டுரைக்கு அங்கே வேலை இல்லை. அது பக்கவாதம், உடனே ஆஸ்பத்திரி.

சந்தேகம் வந்துவிட்டது, என்ன செய்வது? நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். வழக்கமான ரத்தப் பரிசோதனை எதிலும் இது தெரியாது. எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். வேறு காரணங்களை விலக்கத்தான் எடுக்கிறார்கள். டோபமின் செல்களின் நிலையைக் காட்டும் தனி ஸ்கேன் உண்டு, ஆனால் எல்லோருக்கும் அது தேவைப்படுவதில்லை. நோயை நிர்ணயிப்பது இன்றும் பெரும்பாலும் மருத்துவரின் கண்ணும் கையும்தான். அசைவில் மந்தம் கட்டாயம் இருக்க வேண்டும், அதோடு ஓய்வு நடுக்கமோ தசை இறுக்கமோ சேர வேண்டும்.

குணமாக்க முடியாத நோயை முன்கூட்டி அறிந்து என்ன பயன் என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. செல்கள் அழிவதைத் தடுத்து நிறுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. ஆனால் 1960-களிலிருந்து லெவோடோபா இருக்கிறது, இறுகிய உடம்பை அது நன்றாகவே இளக்குகிறது. 'சீக்கிரம் தொடங்கினால் மருந்தின் பலன் சீக்கிரம் தீர்ந்துவிடும்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. தள்ளிப்போடுவதால் லாபம் எதுவும் இல்லை. மூச்சு வாங்குமளவு உடற்பயிற்சி நடையையும் சமநிலையையும் காப்பாற்ற உதவுகிறது, உடம்பு ஒத்துழைக்கும்போதே அதைப் பழகிக்கொள்வது சுலபம். இவற்றோடு, தோள்பட்டைக்கு வீணாக ஊசி போட்டுக்கொள்வதும், "அவருக்கு எங்கள்மேல் பாசமே இல்லை" என்று பிள்ளைகள் மனம் கசந்து போவதும் தவிர்க்கப்படும்.

மருத்துவரிடம் போகும்போது ஒரு வேடிக்கை நடப்பதுண்டு. வீட்டில் தளர்ந்து நடப்பவர் மருத்துவரின் முன்னால் விறைப்பாக நடந்து காட்டுவார், கையையும் வீசுவார். அவர் நடிப்பதாக நினைக்க வேண்டாம். தானாக நடக்கும் நடையில்தான் திருகு தணிந்திருக்கிறது. கவனம் வைத்து நடந்தால் மூளை வேறு பாதையில் வேலையை முடித்துவிடும். அதனால்தான் வீட்டுக்காரர்கள் பார்த்தது அந்த அறையில் தெரியாமல் போகிறது. போனில் பழைய வீடியோ இருந்தால் நல்லது: யாரையோ எடுத்ததில் பின்னால் இவர் நடந்துபோவது பதிவாகியிருக்கும். மூன்று வருடத்துக்கு முந்தையது ஒன்று, போன மாதத்தது ஒன்று என்று இருந்தால் அதைவிடத் துப்பு வேண்டாம்.

அனுபவப்பட்ட மருத்துவருக்கும் இது தெரியும். உட்காரவைத்து, கைகளை மடியில் தளர்வாக வைக்கச் சொல்வார். கண்ணை மூடச் சொல்லி, 100-லிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொல்வார். 93, 86, 79... கணக்கு தடுமாறத் தொடங்கும், நெற்றி சுருங்கும். மருத்துவர் கணக்கைக் கவனிக்கவே மாட்டார். அவர் கண் மடியில் இருக்கும். 72-க்கு வரும்போது இடது கட்டைவிரல், பக்கத்து விரலை மெல்ல உரச ஆரம்பிக்கும்.